‘மாஃபி’ முதல் ‘ஷ்’ வரை: பேச்சு அரபியின் பொடிச் சொற்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குவைத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். வளைகுடாவுக்குக் கிளம்புகிறவர்கள், அங்கே போய் இறங்கிவிட்டு முழிக்கிறவர்கள் என்று யாராவது ஒருவர் வாரத்துக்கு ஒரு தடவையாவது அரபியில் சந்தேகம் கேட்கிறார். கேட்பவர் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் யாருக்கும் பெரிய தொல்லை இல்லை. நடுவில் ஒட்டிக்கொண்டு வரும் பொடிச் சொற்கள்தான் ஆளைக் கவிழ்க்கின்றன. அந்தக் கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே இங்கே போட்டிருக்கிறேன்.

உச்சரிப்புக்கு ஒரு குறிப்பு: அரபியில் ‘பழம்’ என்பதில் வரும் ப ஒலி கிடையாது. கீழே ‘ப’ வரும் அரபிச் சொற்களை எல்லாம் ‘பஸ்’ என்று சொல்வதுபோலச் சொல்லுங்கள்.

குர்ஆன் ஓதத் தெரியும், மதரஸாவில் இலக்கணமும் படிச்சேன். ஆனா கடைக்காரர் பேசுறது ஒரு வரிகூடப் புரியலையே, ஏன்?

நீங்கள் படித்தது ஃபுஸ்ஹா என்கிற எழுத்து அரபி. கடைக்காரர் பேசுவது அவர் வீட்டு அரபி. வீடு, நாள், கதவு போன்ற சொற்கள் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ‘ஏன்’, ‘இப்போது’, ‘இல்லை’, ‘உடைய’, இனிமேல் நடக்கப்போவதைக் காட்டும் ஒட்டு ஆகியவைதான் வேறு. ‘ஏன்’ என்பதற்குப் புத்தகத்தில் ‘லிமாதா’, கடையில் ‘லேஷ்’. ‘இப்போது’ என்பதற்குப் புத்தகத்தில் ‘அல்ஆன’, குவைத் கடையில் ‘அல்ஹீன்’. ஒரு வாக்கியத்தில் இந்த மாதிரி மூன்று சொல் நழுவினால் போதும், மொத்தமும் நழுவிவிடும்.

ஒரே சமூகத்தில் எழுத்துக்கு ஒரு மொழி, பேச்சுக்கு ஒரு மொழி என்று இருக்கும் நிலையை மொழியியலர் சார்லஸ் ஃபெர்குசன் 1959-இல் விரிவாக எழுதியபோது எடுத்துக்கொண்ட நான்கு உதாரணங்களில் அரபியும் ஒன்று. நமக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. மேடைத் தமிழ் மட்டும் படித்த வெளிநாட்டுக்காரர் ஒருவரைக் கோயம்பேடு சந்தைக்குள் விட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

‘மாஃபி’ன்னா ‘இல்லை’ன்னு ஒரே வார்த்தைதானே?

இப்போது ஒரே வார்த்தை மாதிரி. பிரித்தால் இரண்டு. ‘மா’ என்றால் இல்லை. ‘ஃபீ’ என்பது ‘ஃபீஹி’ என்பதன் தேய்ந்த வடிவம்; ‘அதில்’ என்று பொருள். ‘அதில் இருக்கிறது’ என்று சொல்லிச் சொல்லி, ‘அதில்’ என்ற சொல்லே ‘இருக்கிறது’ என்றாகிவிட்டது. ‘ஃபீ மாய்?’ என்றால் ‘தண்ணி இருக்கா?’ என்று அர்த்தம். எதில் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

இந்தப் பக்கம் முழுக்க வரப்போவது இதே கதைதான். தனக்கென்று ஓர் அர்த்தம் வைத்திருந்த சாதாரணச் சொல் தினமும் புழங்கித் தேய்கிறது, அர்த்தம் வெளுக்கிறது, கடைசியில் இலக்கண வேலைக்கு அமர்கிறது. இந்தப் போக்குக்கு ‘இலக்கணமாதல்’ என்று தமிழில் சொல்லலாம். பிரெஞ்சு மொழியியலர் அந்துவான் மெய்யே 1912-இல் இதற்குப் பெயர் வைத்தார்.

‘இப்போ’க்கு ஊருக்கு ஒரு சொல்லா?

ஆமாம், ஆனால் தயாரிப்பு முறை ஒன்றே. குவைத்தின் ‘அல்ஹீன்’ என்பதில் ‘ஹீன்’ என்றால் ‘நேரம்’. பாக்தாதில் ‘ஹஸ்ஸ’, இது ‘இந்த மணி’ என்பதன் சுருக்கம். டமாஸ்கஸில் ‘ஹல்ல’, கெய்ரோவில் ‘தில்வஅத்தி’. இரண்டும் ‘இந்த நேரம்’. நம் ‘இப்போ’வும் இ + பொழுதுதானே.

‘ராஹ்’னா ‘போனான்’னு படிச்சேன். ஈராக்கியர் எதுக்கெடுத்தாலும் ‘ரஹ்’, ‘ரஹ்’ங்கிறாரே, எங்கே போறார்?

எங்கேயும் போகவில்லை. ‘ரஹ் யிக்திப்’ என்றால் ‘எழுதப் போகிறான்’. ‘மழை பெய்யப் போகிறது’ என்று நாம் சொல்லும்போது மழை எங்கேயும் நடந்து போவதில்லை அல்லவா, அப்படித்தான். ‘ரஹ் யிரூஹ்’ என்றுகூடச் சொல்வார்கள்: ‘போகப் போகிறான்’. முதல் ‘போ’ இலக்கணம், இரண்டாவது ‘போ’தான் நிஜமாகவே போவது.

இதே சொல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று ஊர் ஊராகப் பார்ப்பது எனக்குப் பிடித்த விளையாட்டு. முழுச் சொல் ‘ராயிஹ்’, போகிறவன். டமாஸ்கஸிலும் பாக்தாதிலும் ‘ரஹ்’. கெய்ரோவில் ரகரமும் போய் வெறும் ‘ஹ’ மட்டும் வினையோடு ஒட்டிக்கொண்டது: ‘ஹஅக்திப்’ என்பது வேகத்தில் ‘ஹக்திப்’, எழுதுவேன். மொராக்கோவில் வேறொரு ‘போ’வை எடுத்தார்கள். ‘காதி’ என்றால் போகிறவன் (தொண்டையில் உரசும் கா). அது அங்கே ‘கா-’ என்று சுருங்கி அதே வேலையைச் செய்கிறது. இரண்டு ஊரும் பேசிவைத்துக்கொண்டு செய்ததில்லை. ‘போ’ என்ற அர்த்தம் இருந்தால் போதும், எதிர்காலம் அதில் தானாக முளைக்கிறது.

எகிப்துக்காரர் எல்லாத்துக்கும் வாலில் ‘ஷ்’ போடுறாரே, அது என்ன?

அது ‘ஷய்’. ‘பொருள், ஏதோ ஒன்று’ என்று அர்த்தம். ‘மா கதப்’ என்றால் ‘எழுதவில்லை’. அதை அழுத்திச் சொல்ல ‘மா கதப் ஷய்’, ‘ஒன்றும் எழுதவில்லை’. கோபத்தில் நாம் ‘ஒரு மண்ணும் தெரியாது’ என்கிறோமே, அந்த ‘மண்’ மாதிரி இந்த ‘ஷய்’. அழுத்தத்துக்காக வந்தது எல்லா வாக்கியத்திலும் வர ஆரம்பித்தால் அழுத்தம் போய்விடும், வழக்கம் மட்டும் நிற்கும். கெய்ரோவில் இப்போது ‘மகதப்ஷ்’ என்பதுதான் சாதாரண ‘எழுதவில்லை’. மா ஒரு பக்கம், ஷ் ஒரு பக்கம், நடுவில் வினை சாண்ட்விச்.

அடுத்த படியைப் பாலஸ்தீனப் பேச்சில் கேட்கலாம். அங்கே பலர் ‘பஅரஃபிஷ்’ என்பார்கள்: ‘எனக்குத் தெரியாது’. ‘மா’ காணோம்! இல்லை என்று சொல்லவந்த சொல் வேலையை விட்டுப்போய், துணைக்கு வந்த ‘பொருள்’ என்ற சொல்லே இல்லை என்று சொல்கிறது. பிரெஞ்சில் ‘அடி, தப்படி’ என்று பொருள்படும் ‘பா’ என்ற சொல்லுக்கும் இதே கதி நேர்ந்தது. டென்மார்க் மொழியியலர் ஓட்டோ யெஸ்பர்சன் 1917-இல் இந்தச் சுழற்சியை எடுத்துக்காட்டியதால் அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். டமாஸ்கஸ், குவைத் பக்கம் இந்தச் சுழற்சி தொடங்கவே இல்லை. அங்கே இன்னும் வெறும் ‘மா’தான்.

அப்போ ‘ஷ்’ கேட்டாலே ‘இல்லை’ன்னு எடுத்துக்கலாமா?

கூடவே கூடாது. இந்த ஒரு ‘ஷய்’ எத்தனை அவதாரம் எடுத்திருக்கிறது என்று கேளுங்கள். ‘எந்தப் பொருள்?’ என்பது சுருங்கி ‘ஏஷ்’ (என்ன) ஆனது. ‘எந்தப் பொருளுக்காக?’ என்பது ‘லேஷ்’ (ஏன்). ‘என்ன நிறம்?’ என்பது ‘ஷ்லோன்’. குவைத்திலும் ஈராக்கிலும் ‘ஷ்லோனக்?’ என்று நலம் விசாரிக்கிறார்களே, அதற்கு நேர்ப்பொருள் ‘உன் நிறம் என்ன?’ நிறத்தைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை, ‘எப்படி’ என்பதற்கு அதுதான் சொல். ‘பலாஷ்’ என்பது ‘பொருள் இல்லாமல்’, அதாவது இலவசம். எகிப்தில் அதுவே ‘வேண்டாம், விடு’ என்றும் வரும்.

மொராக்கோ போனால் இன்னொரு வேடம். ‘ஷி க்தாப்’ என்றால் ‘ஏதோ ஒரு புத்தகம்’. அங்கே வினையின் வாலில் வந்தால் ‘இல்லை’, பெயரின் தலையில் வந்தால் ‘ஏதோ ஒரு’. எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துத்தான் அர்த்தம் சொல்ல வேண்டும். ‘அலஷான்’ (அதற்காக, ஏனென்றால்) என்பதில் வரும் ஷ் இதில் சேராது. அது ‘ஷஅன்’, விஷயம் என்ற வேறு சொல். ‘அதன் விஷயமாக’ என்பதுதான் ‘அதற்காக’ ஆனது.

எகிப்துக்காரரே சில சமயம் ‘ஷ்’ போடாமல் விடுறார். மறந்துபோறாரா?

நல்ல காது உங்களுக்கு. ‘வல்லாஹி மா அஅரஃப்’ (சத்தியமாகத் தெரியாது) என்று ஆணையிடும்போது ‘ஷ்’ வராது. ‘உம்ரி மா ஷுஃப்து’ (என் ஆயுளில் பார்த்ததில்லை) என்பதிலும் வராது. ஆணை, ஆயுள் போன்ற கனமான பேச்சுகளில் பழைய அமைப்பு அப்படியே உறைந்து நிற்கிறது.

மொராக்கோவில் இதைவிட ருசியான ஒரு விதி. ‘யாரையும் பார்க்கவில்லை’, ‘ஒன்றும் இல்லை’ என்று சொல்லும்போது ‘ஷ்’ போடமாட்டார்கள். ‘மா அந்தி வாலு’ என்றால் ‘என்னிடம் ஒன்றும் இல்லை’. காரணம் முன்பே சொன்னதுதான்: ‘ஷ்’ என்பதே ஒரு காலத்தில் ‘ஒன்றும்’. அந்த நாற்காலியில் ‘வாலு’ ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டால் இவருக்கு இடமில்லை. பேசுகிறவருக்கு ‘ஷ்’ என்பது ‘பொருள்’ என்ற நினைவு அறவே கிடையாது. ஆனாலும் இலக்கணம் அதை மறக்கவில்லை. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

‘என்னுடைய’ன்னு சொல்ல ஒருத்தர் ‘மாலி’, ஒருத்தர் ‘ஹக்கி’, எகிப்துக்காரர் ‘பிதாஇ’. எது சரி?

மூன்றும் அவரவர் ஊரில் சரி. பழைய முறைப்படி இரண்டு பெயர்களை அடுத்தடுத்து வைத்தாலே ‘உடைய’ வந்துவிடும். அது போதாமல் போனபோது ஒவ்வொரு ஊரும் சொத்து சம்பந்தப்பட்ட ஒரு சொல்லைப் பிடித்தது. ‘மால்’ என்றால் செல்வம். பைத்துல் மால் (பொதுநிதி) என்பதில் வருகிறதே, அதேதான். ஈராக்கில் ‘சைய்யாரா மால்தி’ என்றால் ‘என் கார்’. ‘ஹக்’ என்றால் உரிமை, இது அரபு தீபகற்பத்தில் பல இடங்களில் கேட்கும். எகிப்தின் ‘பிதாஅ’, துனிசியாவின் ‘ம்தாஅ’ இரண்டும் ‘மதாஅ’, அதாவது உடைமைப் பொருள். சிரியாவின் ‘தபஅ’ மட்டும் ‘பின்தொடர்வது’ என்ற வேரில் வந்தது. நம் ‘உடைய’ என்பதும் உடைமையிலிருந்து வந்ததுதானே. ஆகவே ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

எகிப்தியச் சொல் இன்னும் முழுசாகத் தேயவில்லை. பெண்பாலுக்கு ‘பிதாஅத்’, பன்மைக்கு ‘பிதூஅ’ என்று உருமாறுகிறது. ‘பிதாஅ இல்லபன்’ என்றால் பால்காரர். நம்முடைய ‘காரர்’ வேலையையும் அது பார்க்கிறது. பெயர் மறந்துபோன சாமானைக் காட்டி ‘அந்த இது’ என்பதற்கும் அதுதான். சரி, ஒரு எச்சரிக்கை: கை, கால், அப்பா, அம்மா இவற்றுக்கு இந்தச் சொற்களைப் போடாதீர்கள். ‘என் கை’ என்பதற்கு ‘ஈதி’ என்று ஒட்டித்தான் சொல்வார்கள். கையும் அப்பாவும் சொத்துக் கணக்கில் வராதவை.

ஓடிக்கிட்டிருக்கிற ஆளைப் பார்த்து ‘காஇத்’, அதாவது ‘உட்கார்ந்திருக்கான்’ங்கிறாங்களே?

குவைத்தில் ‘காஇத் யர்கிழ்’ என்றால் ‘ஓடிக்கொண்டிருக்கிறான்’. ‘காஇத்’ உட்கார்ந்திருப்பவன்தான், ஆனால் வினைக்கு முன்னால் வந்தால் ‘கொண்டிருக்கிறான்’ என்ற வேலை. உட்கார்ந்திருப்பவன் ஒரு காரியத்தைத் தொடர்ந்து செய்வான் என்பதிலிருந்து ‘தொடர்ந்து’ மட்டும் நின்றது, உட்காருவது உதிர்ந்தது.

சிரிப்பதற்கு முன்னால் நம் பக்கம் பாருங்கள். ‘இரு’ என்பதன் பழைய பொருள்களில் ஒன்று உட்காருவது. இருக்கை என்ற சொல்லில் அது இன்னும் இருக்கிறது. பெருமாள் கோயிலில் நின்ற, இருந்த, கிடந்த திருக்கோலம் என்கிறோமே, இருந்த கோலம் என்றால் அமர்ந்த கோலம். ஆக ‘ஓடிக்கொண்டு இருக்கிறான்’ என்று சொல்லும் நாமும் ஓடுகிறவனை உட்காரத்தான் வைத்திருக்கிறோம். சிரியா, லெபனான் பக்கம் இதே வேலைக்கு ‘அம்’: ‘செய்கிறவன்’ என்று பொருள்படும் ‘அம்மால்’ என்பதன் துண்டு.

எகிப்து மேனேஜர் ‘பரூஹ்’ன்னா ஒண்ணு, குவைத் முதலாளி ‘பரூஹ்’ன்னா இன்னொண்ணு. என் காதுதான் தப்பா?

காது சரி. இதில் நானே ஏமாந்திருக்கிறேன். வந்த புதிதில், எகிப்தியர் ஒருவர் எட்டு மணிக்கு ஆபீசுக்கு ‘பரூஹ்’ என்றார். எனக்குத் தெரிந்தது குவைத் அரபி. மறுநாள் எட்டு மணிக்குப் போகப்போகிறார் போல என்று போய் வாசலில் நின்றேன். அன்று வெள்ளிக்கிழமை, விடுமுறை. அவர் சொன்னது ‘வழக்கமாக எட்டுக்குப் போவேன்’ என்று.

எகிப்தில் வினையின் தலையில் வரும் ‘ப’ பழக்கத்தையும் நடந்துகொண்டிருப்பதையும் காட்டும். குவைத், எமிரேட்ஸ் பக்கம் அதே ‘ப’ எதிர்காலம். வளைகுடாவின் ‘ப’ ‘அபீ’, ‘அப்கா’ (எனக்கு வேண்டும்) என்ற சொல்லின் மிச்சம். வேண்டும் என்று நினைப்பதைச் செய்வோம் என்ற கணக்கில் எதிர்காலம் ஆகிவிட்டது. சிரியா பக்கம் ‘வேண்டும்’ என்பதற்கு ‘பித்தி’ என்பார்கள். ‘என் விருப்பத்தில்’ என்ற தொடரின் சுருக்கம் அது. மழைக்கு விருப்பம் ஏது? ஆனாலும் மழை வரும்போல இருந்தால் ‘பித்தா திஷத்தி’ என்கிறார்கள். எகிப்து ‘ப’வின் பிறப்பு பற்றி மட்டும் அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. ஆகவே எதிரில் இருப்பவர் எந்த ஊர் என்று தெரிந்துகொண்ட பிறகு ‘ப’வை நம்புங்கள்.

இதெல்லாம் கதை மாதிரி இருக்கு. ‘ஹ’ என்பது ‘ராயிஹ்’தான்னு எப்படி நம்புறது?

நியாயமான கேள்வி. சும்மா ஓசை ஒற்றுமையை வைத்துச் சொல்வதில்லை. முதல் சாட்சி, இடைநிலைகள் உயிரோடு இருப்பது. ராயிஹ், ரஹ், ஹ மூன்றும் இன்றைக்கும் வெவ்வேறு வாய்களில் இருக்கின்றன. ஒரே ஆளின் மூன்று வயதுப் புகைப்படங்கள் மாதிரி. இரண்டாவது சாட்சி மால்டா. 870-இல் அந்தத் தீவு முஸ்லிம்கள் வசமானது. பிற்பாடு அரபு உலகத்தோடு இருந்த தொடர்பு அறுந்து, மக்கள் கிறிஸ்தவர்களாகி, தம் மொழியை லத்தீன் எழுத்தில் எழுதினார்கள். 2004-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் அலுவல் மொழிகளில் ஒன்றும் ஆனது. ஃபுஸ்ஹாவின் நிழலே படாத அந்த மொழியிலும் ‘எனக்குத் தெரியாது’ என்பது ‘மா நாஃப்ஷ்’. ‘உடைய’ என்பது ‘தா’, அந்த ‘மதாஅ’வின் கடைசித் துண்டு. ‘கொண்டிருக்கிறான்’ என்பது ‘எத்’, உட்கார்ந்தவன் என்பதன் மிச்சம். எதிர்காலம் ‘சே’, ‘செய்யெர்’ அதாவது போகிறவன் என்பதன் தலை.

எல்லாவற்றுக்கும் இப்படிச் சாட்சி கிடைத்துவிடவில்லை. எகிப்தின் ‘ப’ போலவே நிகழ்காலத்தைக் காட்டும் மொராக்கோவின் ‘க’ முன்னொட்டு (முன்பு பார்த்த எதிர்காலக் ‘கா-’ வேறு), ஈராக்கின் ‘த’ முன்னொட்டு இவற்றின் மூலமும் இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. யாராவது இவற்றுக்கும் அடித்துப் பதில் சொன்னால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

எங்க உஸ்தாத் ‘இதெல்லாம் கெட்டுப்போன அரபி’ங்கிறாரே?

உங்கள் ஆசிரியரான உஸ்தாதிடம் மரியாதையோடு ஒன்று கேளுங்கள்: ஃபுஸ்ஹாவில் எதிர்காலத்துக்கு ‘சவ்ஃப’ இருக்கிறது, ‘ச’ என்ற ஒற்றை ஒட்டும் இருக்கிறதே, ஏன்? ‘சவ்ஃப’ தேய்ந்துதான் ‘ச’ ஆனது என்று கூஃபா நகரத்து இலக்கணக்காரர்கள் அந்தக் காலத்திலேயே சொன்னார்கள். இல்லை, அது தனிச் சொல் என்று பஸ்ரா நகரத்து இலக்கணக்காரர்கள் மறுத்தார்கள். ‘லன்’ (செய்யமாட்டான் என்பதில் வருவது) என்பது ‘லா’வும் ‘அன்’னும் ஒட்டியது என்றார் 8-ஆம் நூற்றாண்டின் இலக்கண அறிஞர் அல்-கலீல். அவர் மாணவர் சீபவைஹி அதை ஏற்கவில்லை. யார் சொன்னது சரி என்பது இருக்கட்டும். சொல் தேய்ந்து ஒட்டாகும் என்பது அந்தப் பெரியவர்களுக்கே பேசுபொருளாக இருந்திருக்கிறது. ஃபுஸ்ஹாவில் நடந்தால் வளர்ச்சி, தெருவில் நடந்தால் கேடு என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஓதுவதற்கு ஃபுஸ்ஹா, மீன் வாங்கக் குவைத்தி; ஒன்று மற்றதன் இடத்தைக் கேட்கவில்லை.

அப்போ நாங்க பேசுற ‘அனா மாஃபி ரூஹ்’ அரபியா, இல்லையா?

அரபுக் குடும்பம் வீட்டுக்குள் பேசும் அரபி இல்லை. ஆனால் தாறுமாறும் இல்லை. தெற்காசியத் தொழிலாளர்களும் அரபிகளும் ஒருவருக்கொருவர் பேச உருவான கலப்பு மொழி இது. 1990-இல் ஜாக் ஸ்மார்ட் இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார். அதன் பிறகு பலர் எழுதியிருக்கிறார்கள். அதாவது, லேபர் கேம்ப் பேச்சுக்கும் இலக்கணம் எழுதப்பட்டிருக்கிறது.

இரண்டாவது கேள்வியில் ‘அதில்’ என்பது ‘இருக்கிறது’ ஆனதைப் பார்த்தோம். இங்கே அது இன்னும் ஒரு படி போகிறது. ‘அனா மாஃபி ரூஹ்’ (நான் போகவில்லை, போகமாட்டேன்) என்பதில் ‘மாஃபி’ எந்த வினைக்கும் முன்னால் வரும் பொதுவான மறுப்பு. குவைத்தி இப்படிச் சொல்லமாட்டார், ‘மா அரூஹ்’ என்பார். ‘ரூஹ்’ என்பது உண்மையில் ‘போ!’ என்ற ஏவல் வடிவம். ‘சவ்வி’யும் ஏவல்தான், ‘செய்!’ தொழிலாளி காதில் அதிகம் விழுந்தது கட்டளைதான் என்பதால் அதுவே வினையின் ஒரே வடிவமாக உறைந்துவிட்டது என்பது என் எண்ணம். ‘கலாஸ்’ (முடிந்தது) என்பது வினையோடு சேர்ந்து ‘ஆயிற்று’ என்று காட்டுகிறது. ‘சவ்வி தலஃபோன்’ என்ற தொடரைக் கவனியுங்கள். ‘போன் பண்ணு’ என்பதில் நம் ‘பண்ணு’ செய்யும் வேலை அப்படியே அங்கே ‘சவ்வி’க்கு வந்திருக்கிறது. இந்தியிலும் உருதிலும் மலையாளத்திலும் இதே பழக்கம் உண்டு. ஆகவே தமிழன் மட்டும் செய்தது என்று மார் தட்ட முடியாது. ஆனால் சமைத்தவர்களில் நாமும் உண்டு.

ஒரே ஒரு நடைமுறைச் சிக்கல். சிலர் இந்தப் பேச்சிலேயே இருபது வருடம் ஓட்டிவிட்டு, அரபிக்காரர் தமக்குள் பேசினால் புரியவில்லை என்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது: ‘மாஃபி’யை ‘இருக்கா, இல்லையா’ என்ற கேள்விக்கு மட்டும் வைத்துக்கொண்டு, வினைக்கு முன்னால் வெறும் ‘மா’ போட்டு ஒரு வாரம் பேசிப் பாருங்கள். ‘மா அரூஹ்’, ‘மா அபீ’, ‘மா அத்ரி’ (தெரியாது). முதல் நாள் கடைக்காரர் புருவத்தைத் தூக்குவார். இரண்டாம் நாளிலிருந்து வேகமாகப் பேச ஆரம்பிப்பார், அதற்குத் தயாராக இருங்கள்.